என் தம்பி வாங்காத வீடு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, தம்பியின் மனைவி, அவளுடைய அண்ணன், வீட்டுக் கடன் ஆலோசகர். வேறு யாரும் இல்லை. வெளியே தொலைபேசி எடுக்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நடுவில் கூரை வரைக்கும் கண்ணாடித் தடுப்பு இருந்ததால் அவள் காதில் எதுவும் விழுந்திருக்க வழியில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நடந்ததை நேரில் பார்த்ததுபோலப் பேசுகிறவர்கள் இப்போது எங்கள் தெருவில் மட்டுமே ஒரு பஸ் நிறைய இருக்கிறார்கள்.

தம்பி மனைவியின் அண்ணனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் அவர் கோபித்துக்கொள்வதில்லை. "ரேடியோதான். ஆனா பேட்டரி என் சொந்தக் காசு" என்பார். மனசு தங்கம், வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. இந்த ஆலோசகரைத் தெரியும் என்று எங்களை அழைத்துப் போனவர் அவர்தான்.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். படிப்பு ஏறவில்லை, ஆனால் கைவேலையில் கெட்டிக்காரன். பெரிய பெரிய குடியிருப்புகளின் லிஃப்டுகள் அவன் பொறுப்பில் இருந்தன. எத்தனையோ பேருடைய வீட்டு வாசல் வரைக்கும் ஏறி இறங்கியவனுக்குச் சொந்தமாக ஒரு கதவு இல்லை. எனக்கும் இல்லை. நான் குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இணைப்புக் கொடுத்ததற்கு நன்றி என்று ஒருவர் கொண்டுவந்த பழக்கூடையைக்கூடத் திருப்பி அனுப்பியவன். எங்கள் அப்பாவும் கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார். வீட்டுக்காரர் வாசலில் நின்று அவரை ஒருமையில் கூப்பிட்டதை நாங்கள் இருவரும் உள்ளே கதவிடுக்கில் நின்று கேட்டிருக்கிறோம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டுதான் அவருக்குப் பதில் சொல்லப் போவார். அந்தச் சட்டை மாட்டுகிற அவசரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தம்பிக்கு வயிற்றில் வலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, என்னையும் அவன் மனைவியையும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி செய்யக்கூடியது வலியைக் குறைப்பதுதான் என்றார். நோயாளியிடம் தானே பக்குவமாகச் சொல்வதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். சொல்வதுதான் முறை என்றார். உங்கள் முறை உங்களுக்கு, எங்கள் வீட்டில் நோயாளியிடம் நோயைச் சொல்லும் வழக்கம் இல்லை, அப்பாவிடம் சொன்னதில்லை, அம்மாவிடம் சொன்னதில்லை என்றேன். என் தம்பி இருட்டுக் கிணறு மாதிரி இருக்கும் லிஃப்ட் குழியில் அச்சமில்லாமல் இறங்குவான், ஒரு ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். டாக்டர் அவன் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

குடல் புண் என்று அவனிடம் சொன்னோம். காரம் கூடாது, ஏணி ஏறக் கூடாது, நீண்ட விடுப்புப் போடு என்றோம். ரேடியோவிடமும் அதையேதான் சொன்னோம். காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவனுக்கு யோசனை வளர்ந்தது. ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு வீடு வாங்கலாமென்று இருப்பதாகச் சொன்னான். குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. அவன் பார்த்துக்கொண்ட குடியிருப்பு ஒன்றில் மூன்றாம் மாடி வீடு விலைக்கு வந்திருந்தது. தம்பிக்கும் அவன் மனைவிக்கும் குழந்தை இல்லை. இனிமேல் தன்னால் முன்போல ஏற முடியாது போலிருக்கிறது, வாடகை வந்தால் அவளுக்கு ஒரு பிடிமானம் என்றான். ஏன் மூன்றாம் மாடி என்று கேட்டேன்.

"லிஃப்ட் நின்னு போச்சுன்னா நடந்து ஏறிடலாம்ல, அண்ணே" என்றான். "லிஃப்டைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

சேமிப்பில் முன்பணம் கட்டிவிட்டு மீதிக்கு பேங்கில் கடன். நான் சரி என்று சொல்லாமல் அவன் ஒரு சட்டைகூட எடுத்ததில்லை. அன்று நான் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று யோசிப்பான். யோசிக்க விடக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. அவன் வயதுக்கும் வருமானத்துக்கும் எந்த பேங்கும் கொடுக்காது என்று கணக்குப் போட்டேன். வேற்று ஆள் வாயிலிருந்து முடியாது என்று வந்துவிட்டால் வருத்தம் இரண்டு நாளில் ஆறிவிடும். போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று நானே சொன்னேன்.

ஆலோசகரின் அலுவலகம் டைல்ஸ் கடைக்கு மேலே, ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறும்போதே தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இதற்கு எண்ணெய் போட்டு வருஷக்கணக்காகிறது என்றான். ரேடியோ கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, இறங்கினப்புறம் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். தம்பி சிரித்தான். விடுப்பு எடுத்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். கழுத்து அதற்குள் தனியாக நின்றது.

ஆலோசகருக்கு நடுவயது. பேச்சில் பசப்பு இல்லை. காகிதக் கோப்பையில் தண்ணீர் வரவழைத்தார். முதலில் எங்களைப் பேசவிட்டுக் கேட்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். நாம் குடியிருக்க வாங்கும் வீட்டுக்குக் கொடுக்கும் கடன் வேறு, வாடகைக்கு விட வாங்கும் வீட்டுக்குக் கொடுக்கும் கடன் வேறு. இரண்டாவதில் வட்டி கொஞ்சம் கூடும், முன்பணம் அதிகம் கேட்பார்கள். வரப்போகும் வாடகையை முழுசாக வருமானத்தில் சேர்க்க மாட்டார்கள், ஏனென்றால் வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களும் உண்டு. ஒருத்தர் காலி செய்து இன்னொருத்தர் வருவதற்குள் வெள்ளையடிக்க வேண்டும், குழாய் மாற்ற வேண்டும். அதற்கென்று ஒரு தொகையைத் தொடாமல் தனியாக வைத்திருந்தால்தான் தவணை தடுமாறாது. நீங்கள் வாழ ஆசைப்படுகிற வீட்டைப் பார்க்காதீர்கள், இன்னொருத்தர் வாடகை கொடுக்க ஆசைப்படுகிற வீட்டைப் பாருங்கள் என்றார்.

தம்பி பள்ளிக்கூடப் பையனைப் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடி ஆடியது. பேச்சைக் கேட்டுக்கொண்டே பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அதன் திருகை முறுக்கினான். அவனுக்கு அது பழக்கம். போகிற இடத்தில் எது ஆடினாலும் கை தானாகப் போகும்.

நான் எதிர்பார்த்த இடம் வந்தது. வயது ஒரு தடங்கல்தான் என்று ஆலோசகர் சொன்னார். நான் மூச்சை விட்டேன். ஆனால் அந்த மனிதர் தன் வேலையைத் தெரிந்தவர். தவணைக் காலத்தைக் குறைத்து, முன்பணத்தைக் கொஞ்சம் கூட்டி, தையல் வகுப்பு நடத்தும் தம்பி மனைவியைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்தால் வழி இருக்கிறது என்றார். எந்த பேங்கில் இதை ஒப்புக்கொள்வார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ நானே அந்த வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மாதிரி ஒரு பார்வை.

"இன்னொண்ணு" என்றார் ஆலோசகர். "கடனோட ஒரு இன்ஷூரன்ஸ் போட்டுருவோம். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, ஆகக் கூடாது, பேச்சுக்குச் சொல்றேன், மீதிக் கடனை அவங்க அடைச்சிருவாங்க. வீடு அம்மா கைக்கு வில்லங்கமில்லாம வந்துரும்."

"கேட்டியா?" என்று தம்பி மனைவியிடம் சொன்னான். "அப்புறம் நீதான் வீட்டுக்காரம்மா."

அவள் மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவரை வாயைத் திறக்காதவள், உடம்பைப் பற்றி ஏதாவது கேட்பார்களா என்று ஆலோசகரிடம் கேட்டாள். கேட்பார்கள் என்றார்.

"மறைச்சா?"

"மறைச்சா கண்டுபிடிச்சிருவாங்கம்மா. அந்த நேரத்துல ஆஸ்பத்திரி காகிதம் எல்லாத்தையும் தோண்டுவாங்க. ஒரு பைசா வராது. வீட்டையும் பேங்க் எடுத்துக்கும்."

ரேடியோ இதில் ஒரு வேடிக்கையைக் கண்டார். "மறைக்கிறதைப் பத்தி என் தங்கச்சி கேக்குறா பாருங்க. கல்யாணத்தப்ப வயசுல ரெண்டைக் குறைச்சு மாப்ள தலையில கட்டினதே நாங்கதான்" என்றார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு இருமலாகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. கேட்ட பதிலை மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பொய்க் கையெழுத்துக்கும் தனக்குப் பிற்காலத்தில் இருக்கப்போகும் கூரைக்கும் நடுவில் ஒரு கணம் அவள் நின்றிருப்பாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் நின்றிருப்பார்கள்.

ஆலோசகர் சாதாரணமாகக் கேட்டார். சமீபத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுண்டா, ஸ்கேன் ஏதாவது எடுத்ததுண்டா? தம்பியும் சாதாரணமாகச் சொன்னான்.

"வயித்துப் புண்ணுக்காக ஒரு தடவை. ரிப்போர்ட் எல்லாம் அண்ணன்கிட்டதான் இருக்கு."

"நல்லதா போச்சு. ஐயா ஒரு காப்பி குடுத்துருங்க. இல்லாட்டியும் பரவாயில்ல, இதுல அவர் ஒரு கையெழுத்துப் போட்டா ஆஸ்பத்திரில நாங்களே வாங்கிக்கிறோம். வந்ததும் எல்லாருமா உட்கார்ந்து பார்த்துருவோம்."

காகிதத்தைத் தம்பியின் முன்னால் நகர்த்தினார். பேனாவையும் கொடுத்தார். தம்பி வாங்கிக்கொண்டான்.

நான் எழுந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்து ஆள் சொன்ன சொல்லுக்கு ஆஸ்பத்திரியில் போய்ச் சாட்சி தேடுகிற இடத்தில் எங்களுக்கு வேலை இல்லை என்றேன். ஆலோசகர் திகைத்துப்போனார். எல்லோரிடமும் வாங்குகிற கையெழுத்துதான் என்று பொறுமையாக விளக்கினார். தம்பி என் கையைத் தொட்டு, "உட்காருங்கண்ணே, வழக்கமா கேக்குறதுதானே" என்றான். வழக்கமாகக் கேட்பதுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அலுவலகத்தை விட்டு வெளியேறினால் மட்டும் போதாது. நாளைக்கு ரேடியோ இன்னொரு ஆலோசகரிடம் அழைத்துப்போவார். அவரும் இதே கேள்வியைக் கேட்பார். கடன் கொடுக்கிறவர்கள் அத்தனை பேரும் கேட்பார்கள். ஆகவே அந்த வீட்டு ஆசையையே அங்கே வெட்டிப் போட வேண்டியிருந்தது.

"மாசம் பொறந்தா அடுத்தவன் கதவைத் தட்டுற பிழைப்பு நம்ம குடும்பத்துக்கு வேண்டாம்" என்றேன். "அப்பாவை ஒருத்தன் வாசல்ல நிக்க வச்சுப் பேசினான். அந்த வேலையை நீ செய்யப் போறியா? வாங்குறதுன்னா வாங்கிக்க. அதோட நீ என் வாசப்படி ஏறக் கூடாது."

தம்பி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு பேனாவை மூடி, காகிதத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தான்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றான் ஆலோசகரிடம். "அண்ணனுக்கு இஷ்டமில்ல."

ஏன் இப்படி என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என்னைத் தெரிந்த எவருக்கும் வந்திருக்காது. வாழ்நாள் முழுக்க விறைப்பாக இருந்ததற்கு அன்று ஒரு பயன் கிடைத்தது. லிஃப்டில் இறங்கும்போது தம்பி எப்போதும்போல எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. அவன் மனைவி கடைசி ஆளாக வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது, "தேங்க்ஸ் அத்தான்" என்று யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

அடுத்த நாள் நான் தனியாக அந்த ஆலோசகரிடம் போனேன். காரணமில்லாமல் ஒரு நல்ல மனிதரை அவமதித்துவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம் அல்ல. உள்ளதைச் சொன்னேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். தம்பி மறுபடி கேட்டு வந்தால் அந்தக் கட்டடத்தின் பத்திரத்தில் ஏதோ சிக்கல் என்று தள்ளிப்போடும்படி கேட்டுக்கொண்டேன். தன் தொழிலில் இதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை என்றார். பிறகு, சொல்கிறேன் என்றார்.

தம்பி கேட்டிருக்கிறான். நேரில் அல்ல, தொலைபேசியில், எனக்குத் தெரியாமல். பத்திரத்தில் சிக்கல் என்று பதில் வந்ததும், சிக்கல் எங்கே என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் அங்கே போய்வந்தது ரேடியோவின் காதுக்கும் எப்படியோ எட்டியிருந்தது. பெரியவர் தனியாகப் போய் ஆளைக் கலைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான்.

அவனுக்கு ரொம்ப முடியாமல் போன பிறகு நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பேப்பர் படித்துக் காட்டுவேன். அவன் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். ஒரு நாள் படித்துக்கொண்டிருந்தபோது நடுவில் கேட்டான்.

"நான் கொஞ்சம் மேல வர்றது உங்களுக்குப் பிடிக்கலையா அண்ணே?"

அவன் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அப்படி இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அடுத்து அவன் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான் இருந்தது.

"பிடிக்கல" என்றேன்.

"ம்" என்றான். "உடம்பு தேறட்டும். பேசிக்குவோம்."

அன்று வாசல் வரை வந்த அவன் மனைவி, அவனிடம் உண்மையைச் சொல்லிவிடவா என்று கேட்டாள். "உங்க மேல இருக்குற மனத்தாங்கலாவது போகும், அத்தான். இப்படியே போயிட்டார்னா நீங்க தாங்குவீங்களா?"

வேண்டாம் என்றேன். "என் மேல கோவமா இருக்கட்டும். கோவிச்சுக்கிட்டவன் நாளைக்கு வந்து சண்டை போடலாம்னு இருப்பான். நாளைக்குன்னு ஒண்ணு அவன்கிட்ட இருக்கட்டும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் செருப்பைத் தேடினேன். காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது, தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் அதிக நாள் இல்லை. இறுதி மரியாதைக்கு அவனோடு வேலை செய்த லிஃப்ட் மெக்கானிக்குகள் சீருடையில் வந்திருந்தார்கள். என் பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. ஒருவர் மட்டும் கிட்டே வந்து, உங்கள் தம்பி ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றை நடக்க விட்டிருக்கலாம் என்று என்னிடம் சொன்னார். அவருக்கு அங்கே வைத்துப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை.

என்னைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் பேச்சு தம்பி மனைவி மேலும் போகிறது. மூத்தாரும் அவளும் சேர்ந்துதான் அவனை வீடு வாங்கவிடாமல் தடுத்தார்கள், சேமிப்பு கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தார்கள் என்று சொல்கிறார்கள். அந்தச் சேமிப்பு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அவள் இன்று காலையிலும் மாலையிலும் தையல் வகுப்பு எடுத்து வாடகை கட்டுகிறாள். அவளுடைய அண்ணனிடம் நோயைப் பற்றி இப்போதாவது சொல்லிவிடலாமே என்று அவளிடம் கேட்டேன். சொன்னாளாம். ரேடியோ அழுதாராம். ஆனால் முதலில் பரப்பினதைத் திரும்பப் பெறுவது அவராலும் முடியவில்லை. ஒரு வீட்டில் சொன்னால் மூன்று வீட்டில் பழையதே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே நான் சொல்கிறேன். என் தம்பியை அந்த வீட்டை வாங்கவிடாமல் தடுத்தது நான். அவன் மனைவிக்கு அதில் பங்கு இல்லை. அவனுக்கு வந்திருந்த நோய்க்கு எந்த இன்ஷூரன்ஸும் கிடைத்திருக்காது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் வாங்கியிருந்தால் அவனுக்குப் பிறகு தவணை கட்ட முடியாமல் அவள் தெருவுக்கு வந்திருப்பாள். நோயை அவனுக்குச் சொல்லாதது எங்கள் வீட்டு வழக்கம். அதற்கு நான் யாரிடமும் விளக்கம் கேட்டதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

தம்பி கண்ணை மூடியதும் அந்த மூன்றாம் மாடி வீட்டை நான் என் பெயருக்கு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பதாகவும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அந்த வீட்டை வாங்கியவர்கள் எங்களுக்கு உறவில்லாத ஒரு கணவன் மனைவி. அவர்களே அதில் குடியிருக்கிறார்கள்.